முத்துச் சுருமாக் குப்பியை எடுத்து வைக்கச் சொல்

உன் மகளின் நாற்பதாம் நாளன்று உன் மாமி வீட்டு அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: உன் மாமி, உன் மனைவி, அவள் மடியில் உன் மகள், உன் தங்கை, பிள்ளையைக் குளிப்பாட்ட வருகிற பெண், பக்கத்து வீட்டுப் பெரியம்மா, நான். உன் வாப்பா உன் மாமனாரோடு வாசல் அறையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதையும் பார்க்கவில்லை, சத்தத்தைத்தான் கேட்டார்கள். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நம்மூர்ப் பெண்கள் போகிற முடுக்குச் சந்துகள் வழியாகப் போய், அங்கிருந்து போனில் ஏறி, கடல் தாண்டி உன்னை எட்டிய கதையில் அந்த அறைக்குள் பாதி ஊர் இருந்திருக்கிறது; நான் சுருமாக் குப்பியைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன்; உன் மாமி அழுதிருக்கிறார்கள். குப்பியை நான் தொடவே இல்லை, மகனே. உன் மாமியின் கையைப் பிடித்தேன், அவ்வளவுதான். நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் மேலே எழுதியிருக்கிறவர்களில் யாரையும் கேட்டுக்கொள்.

உனக்கு என் ஸலாம். உன் உடம்பு நலமாக இருக்க துஆ செய்கிறேன். “உம்மா, என்னைய ஏன் அந்த வீட்டுல இப்படித் தலைகுனிய வச்சிய?” என்று நீ குரல் பதிந்து அனுப்பினாய். அதற்குப் பிறகு என் அழைப்பு எதையும் நீ எடுக்கவில்லை. உன் தங்கை அந்தக் குரலை இரண்டாம் தடவை போட வந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு தடவை கேட்டதே போதும். போனில் பேசினால் நீயும் குறுக்கே பேசுவாய், நானும் பேசுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை நான், உனக்குத் தெரியும். மளிகைச் சீட்டையும் மருந்துப் பொட்டலத்தையும் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்துத்தான் நான் வாசிக்கக் கற்றேன். அந்தப் பழக்கத்தில் எந்தப் பொட்டலம் வீட்டுக்குள் வந்தாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இந்தக் கடிதமும் அந்தப் பழக்கத்தில் வந்த வினைதான்.

நாற்பதாம் நாளன்று நடந்ததை அப்படியே சொல்கிறேன். பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, நீ அனுப்பிய வெள்ளைச் சட்டையைப் போட்டார்கள். பிறகு உன் மாமி அலமாரியைத் திறந்து, பச்சை வெல்வெட் பையிலிருந்து அந்தக் குப்பியை எடுத்தார்கள். நீ உம்ரா போய்வந்தபோது வீட்டுக்கொன்றாக நமக்கும் அவர்களுக்கும் வாங்கி வந்தாயே, மேலே முத்துப் படம் போட்டது, அதே குப்பி. பித்தளைக் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, பிள்ளையின் வலது கண்ணில் இழுத்தார்கள். பிள்ளை வீறிட்டது. இடது கண்ணுக்குக் குச்சி வந்தபோது என் கை தானாகப் போய் அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

“என்ன மதினி, கையப் புடிக்கிய?”

“வேண்டாம் மதினி. இதுல ஈயம் இருக்கு.”

“ஈயமா? ஈயம் பூசின சட்டியிலதான எங்க உம்மா எங்களுக்குப் பொங்கிப் போட்டாவ. நாங்கல்லாம் செத்தா போனோம்?”

“அது வெள்ளீயம் மதினி. இது காரீயம். நஞ்சு.”

நஞ்சு என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அதைக் கேட்டதும் உன் மாமியின் முகம் மாறிவிட்டது. “மதினாவுல வாங்கின சாமானுக்கா நஞ்சுன்னு பேரு வைக்கிய? வாங்கினது யாரு, எங்க வீட்டு ஆளா? உங்க மவன்தான! பெத்த புள்ளைக்குத் தகப்பன் நஞ்சா வாங்கிக் குடுப்பான்?” என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “நஞ்சுன்னு தெரிஞ்சா நாப்பது வரைக்குமா காத்துக்கிட்டு இருந்திய? நல்ல வாப்பும்மாதான்!” என்று சிரித்தாள். மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்று உன் மாமி என் கையை உதறிவிட்டு இடது கண்ணிலும் இழுத்தார்கள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். நடந்தது இவ்வளவே.

இனி, நான் ஏன் கையைப் பிடித்தேன் என்பது. அது உன் தங்கை கல்யாணத்தில் தொடங்குகிறது. அன்று நீ பந்தலுக்கும் பந்திக்கும் அலைந்துகொண்டிருந்ததால் பெண்கள் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. தூத்துக்குடியிலிருந்து வந்த அலங்காரக்காரப் பெண் உன் தங்கையின் கண்ணுக்கு மை வரைந்தாள். இமை ஓரத்தில் வால் வைத்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மஃரிப் தொழுகைக்கு ஒளு எடுக்கப் போனவள் முகமெல்லாம் நனைந்து திரும்பி வந்தாள். மை மட்டும் வரைந்தபடியே நின்றது. “உம்மா, இது போவ மாட்டேங்கு. மேல தண்ணி உருண்டு ஓடுது” என்றாள். நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “தண்ணிக்கு அசையாத மைம்மா. பொண்ணு அழுதாலும் கரையக் கூடாதுன்னுதான போட்டேன்” என்றாள். “அழுறதுக்குக் கரையாட்டா பரவாயில்ல தாயி, தொழுறதுக்குக் கழுவணும்லா” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், உன் தங்கை சிரிக்கவில்லை. தண்ணீர் தோலைத் தொடாமல் ஒளு எப்படிக் கூடும்? சோப்புப் போட்டுத் தேய்த்தாள், துண்டால் தேய்த்தாள், தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தாள். மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தபோது பெண்ணின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அதே கோலால் அந்தப் பெண் முந்தின நாள் யார் யார் கண்ணில் வரைந்தாளோ. கண் மை ஒருவர் தொட்டதை இன்னொருவர் தொடக் கூடாது என்பதை நான் அன்றுதான் கற்றேன்.

அதன் பிறகு நான் ஒரு வேலையில் இறங்கினேன். நீ அறிந்தால் சிரிப்பாய். நம் வீட்டுப் பெண் ஐந்து வேளை முகம் கழுவ வேண்டியவள், கண்ணுக்கு மையும் போட ஆசைப்படுகிறாள். இரண்டும் சேர்ந்து நடக்க எந்த மை நல்லது என்று பார்க்கத் தொடங்கினேன். கடையில் கிடைக்கிற ஒவ்வொரு வகையிலும் ஒன்று வாங்கிவரச் செய்து, முதலில் என் கை மேல் கோடு இழுத்து, பிறகு என் இமை மேலேயே இழுத்துப் பார்த்தேன். கிழவிக்கு வந்த ஆசையைப் பார் என்று உன் வாப்பா கேலி செய்தார்கள். பென்சில் மை இழுக்கச் சுலபம், மெழுகும் எண்ணெயும் சேர்ந்தது. ஆனால் நம்மூர் உப்புக்காற்றிலும் வேர்வையிலும் ளுஹர் தொழுகைக்கு உச்சி சாய்வதற்கு முன்பே கண்ணுக்குக் கீழே இறங்கி, நோயாளி போல ஆக்கிவிடும். சிறு டப்பாவில் வருகிற களிம்பு மை நன்றாக நிற்கும். ஆனால் திறந்த வாய், தூரிகையை விட்டு விட்டு எடுக்கிறோம், கை அழுக்கும் கண் அழுக்கும் அதற்குள்ளேயே தங்கும். சாதாரணத் திரவ மை காய்ந்து வெடித்து, செதில் செதிலாகக் கண்ணுக்குள் விழுந்து உறுத்தும். தண்ணீருக்கு அசையாத திரவ மை, அதுதான் கல்யாண வீட்டில் பட்ட பாடு. அதை எடுக்க எண்ணெய் கலந்த நீர் தனியாக விற்கிறார்கள், பஞ்சில் நனைத்து மூடிய கண் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் தேய்க்காமலே வருகிறது. ஆனால் தினம் ஐந்து தடவை யார் அதைச் செய்வார்கள்? பேனா போல வருகிறதில் ஒரு வகை மட்டும் எனக்குப் பிடித்தது. வேர்வைக்கு நிற்கும், வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு விரலால் ஒற்றினால் தோல் உரிவதுபோல் துணுக்குத் துணுக்காக வந்துவிடும். கண்ணும் எரியவில்லை.

பொட்டலங்களின் பின்பக்கத்தையும் வாசித்தேன். புரியாத சொற்களை உன் தங்கையிடம் கேட்டுக்கொண்டேன். கறுப்புக்கு இரும்பு ஆக்சைடும் கரியும் போடுகிறார்கள். நிற்பதற்கு மெழுகோ பிசினோ, கெடாமல் இருக்க ஒரு மருந்து. சிலருக்கு அந்த மருந்துதான் ஒத்துக்கொள்ளாமல் இமை தடிக்கும். திறந்த டப்பாப் படம் ஒன்று போட்டு, உள்ளே எத்தனை மாதம் என்று எழுதியிருப்பார்கள். அது திறந்த நாளிலிருந்து கணக்கு. யாரும் அதைப் பார்ப்பதில்லை. நான் திறந்த தேதியைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுவேன். உன் தங்கைக்குக் கண் வீங்கியபோது பார்த்த கண் டாக்டரம்மா வேறொன்றும் சொன்னார்கள்: மையை இமைமுடிக்கு வெளியேதான் வரைய வேண்டும், உள்விளிம்பில் பூசினால் அங்கே எண்ணெய் சுரக்கிற சின்னத் துளைகள் அடைத்துக் கண் வறண்டு போகும். இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்பாய். உன் மனைவிக்கு வாங்கி அனுப்புகிறவன் நீ. உனக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறது.

இப்படி நான் மைகளோடு மல்லுக்கு நின்று களைத்திருந்தபோதுதான் உன் சுருமா வந்தது. அந்தக் குப்பியை வாங்கி நான் கண்ணில் ஒற்றிக்கொண்டது நினைவிருக்கிறதா? என் தொல்லையெல்லாம் தீர்ந்தது என்றிருந்தது. சுருமா நபிவழி. அது தோல் மேல் படலமாக நிற்காது, நிறம்தான் தங்கும், ஒளுவுக்குத் தடையில்லை என்று நம் பெண்கள் மதரஸாவில் மார்க்கம் சொல்லித் தருகிற ஆலிமாவும் சொன்னார்கள். உன் தங்கையிடம் மற்றதையெல்லாம் தூக்கிப் போடு, இதைப் போட்டுக்கொள் என்று சொன்னவளும் நான்தான். அவளும் தினம் போட்டாள். கண் எரியவில்லை, கரையவில்லை, செதில் உதிரவில்லை. நான் பார்த்த அத்தனை வகையிலும் கண்ணில் நின்ற அழகுக்கு அதுதான் முதலிடம். பார்க்கவும் போடவும் நல்லதாக இருப்பது உள்ளேயும் நல்லதாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஒரு நாள் பழக்கத்தில் குப்பியின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. முன்பக்கத்தில் முத்து, இஸ்மித் என்று அசல் சுருமாக் கல்லின் பெயர், ஒரு பள்ளிவாசல் படம். செய்தவர் யார், எந்த ஊர், உள்ளே என்னென்ன, எதுவும் இல்லை. சாதாரண மைப்பென்சிலில்கூட எறும்பு எழுத்தில் அத்தனை வரி எழுதுகிறார்கள், இதில் ஒரு வரியும் இல்லையே என்று உன் வாப்பாவிடம் காட்டினேன். அவர்கள் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். துறைமுகத்தில் ஆயுசு முழுக்கச் சரக்குக் கணக்குப் பார்த்த கை அது. “விரல் தண்டி குப்பி, இம்புட்டுக் கனமா கனக்கு?” என்றார்கள்.

“முத்து அரைச்சிச் சேர்த்திருக்குல்லா, அதுதான் கனம்” என்றேன் நான்.

“முத்த அரைச்சா மாவு மாதிரி வெள்ளையால்லா இருக்கும். இது அமாவாசை மாதிரி இருக்கு. நம்ம கடல்ல முத்துக் குளிச்சே எத்தனையோ காலமாச்சு, இவனுக்கு மட்டும் கருப்பு முத்து எங்கன கெடச்சுது?” என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்குகிற தாதுவைச் சோதித்துச் சொல்கிற ஆய்வகம் ஒன்றில் வாப்பாவுக்குப் பழக்கமானவர் இருக்கிறார். அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டேன். “பாய், இது எந்தக் கப்பல்ல வந்துது?” என்றார். “கப்பல்ல இல்ல அண்ணாச்சி, என் மவன் பையில வந்துது” என்றார்கள் வாப்பா. “காரீயத் தாது பாய் இது. நல்லா நைசா அரைச்சிருக்கு. முத்தும் இல்ல, நீங்க சொல்லுத அந்தக் கல்லும் இல்ல. இத எதுக்கு வச்சிருக்கிய?” கண்ணுக்குப் போட என்று வாப்பா சொன்னதும் அவர் “வீட்டுல சின்னப் புள்ளைய இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அப்போது உன் மகள் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நாற்பது கழியாமல் பிள்ளைக்குச் சுருமா போட மாட்டார்கள், அதற்குள் உன்னிடம் சொல்லி நீயே நல்லவிதமாக அந்த வீட்டில் சொல்லட்டும் என்று நினைத்தேன். உன் பரிசை உன்னிடம் கேட்காமல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அந்த நாட்களில் வேலைத்தளத்தில் இருந்தாய், போன் எட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் சிரிப்பு என்னைத் தைத்தது இதனால்தான். நான் காத்திருந்தது உண்மை.

நாற்பதுக்குப் பிறகு இரண்டு தடவை உன் மாமி வீட்டுக்குப் போனேன். போகும்போதெல்லாம் பிள்ளையின் கண் கறுப்பாக இருக்கிறது. நான் தடுக்காமல் இருந்திருந்தால் விசேஷ நாளுக்கு மட்டும் போட்டிருப்பார்கள்; இப்போது என்னிடம் காட்டுவதற்காகவே தினமும் போடுகிறார்கள். வீம்பு, வேறென்ன. எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. பேத்தி மேல் அவர்களுக்கு உயிர். வெயிலில் பிள்ளையை வெளியே எடுக்க விடுவதில்லை, யாரும் முத்தம் கொடுக்க விடுவதில்லை. அத்தனை காவல் காக்கிற கையால்தான் இதையும் போடுகிறார்கள். நான் என்ன சொன்னாலும் எடுபடாது. உன் மனைவி அடுக்களையில் என்னிடம் காதோடு சொன்னாள்: “மாமி, எனக்கும் பயமாத்தான் இருக்கு. உம்மாட்ட நான் சொன்னா, மாமியாக்காரி ஏத்தி விட்டுட்டான்னு அழுவாவ. அவுக ஒரு வார்த்தை சொன்னா அந்த நிமிசமே நின்னுரும்.” அவுக என்றால் நீ.

நம்மூர் வழக்கம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாணம் ஆனால் ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறான். நீ ஊருக்கு வந்தாலும் அங்கே தூங்கி எழுந்து, இங்கே தேத்தண்ணீருக்கு வருகிறாய். உன் வாப்பாவும் இந்த வீட்டுக்கு அப்படி வந்தவர்கள்தான். அதனால் உன் பிள்ளை என் வீட்டில் வளரவில்லை, அந்த வீட்டில் வளர்கிறது. அங்கே நான் விருந்தாளி, பலகாரத் தட்டோடு போய் வருகிறவள். விருந்தாளி அலமாரியைத் திறக்க முடியாது. ஆனால் மாப்பிள்ளையின் பேச்சை அந்த வீட்டில் யாரும் தட்ட மாட்டார்கள். நீ கத்தரிக்காய் பிடிக்காது என்று ஒரு முறை சொன்னதற்காக உன் மாமி வீட்டுத் தாளிச்சாவில் கத்தரிக்காயே விழுவதில்லை என்று உன் மனைவி சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்த மரியாதையை இந்த ஒரு காரியத்துக்குச் செலவழி என்று கேட்கிறேன்.

இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்த செய்திக்கு வருகிறேன். கண் டாக்டரம்மாவிடம் ஆய்வகத்துச் சேதியைச் சொன்னேன். அவர்கள் முதலில் உன் தங்கையின் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். அவள்தானே மாதக்கணக்காகப் போட்டவள். நேற்று முன்தினம் பதில் வந்தது. அவள் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகம். பெரியவள், சுருமாவை நிறுத்தியாயிற்று, மெல்ல மெல்லக் குறையும், சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார்கள். உன் தங்கை தனக்காக ஒரு சொட்டுக்கூட அழவில்லை. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, “எனக்கே இப்படின்னா அந்தப் பச்சப்புள்ளைக்கு எப்படி உம்மா?” என்றாள்.

டாக்டரம்மா சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதுகிறேன். கண்ணில் போட்டது கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீரோடு கலந்து மூக்குக்குள் இறங்கி, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போகும். பிள்ளை கண்ணைக் கசக்கும், அந்தக் கையை வாயில் வைக்கும். பெரியவர்கள் உடம்பைவிடப் பிள்ளை உடம்பு ஈயத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும். அதற்கு வாசனை இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் வராது. பிள்ளை சிரித்துக்கொண்டே இருக்கும். வளர்கிற மூளையைத்தான் அது தொடும். பேச்சு பிந்தலாம், படிப்பில் மந்தம் வரலாம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாதாம். “பயப்படாதீங்கம்மா, இப்பவே நிறுத்திட்டு ரத்தம் பாத்தாப் போதும். தள்ளிப் போடத்தான் கூடாது” என்றார்கள். வீட்டில் விளக்குப் புகையில் பிடிக்கிற மையாவது போடலாமா என்று கேட்டேன். அதில் ஈயம் இல்லாவிட்டாலும் நம் விரல் நகத்தில் இருக்கிறது பிள்ளை கண்ணுக்குள் போகும், கைக்குழந்தைக்கு எந்த மையும் வேண்டாம் என்றார்கள். அதையும் நான் உனக்குப் போட்டுத்தான் வளர்த்தேன். உன் கண் ஒட்டிக்கொண்டு விடியும்போதெல்லாம் தாய்ப்பாலைப் பிழிந்து விட்டுத் துடைப்பேன், காரணம் அந்த மைதான் என்று தெரியாமல்.

இன்னொன்று உன் மனதில் இருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். நபிவழியை உம்மா தள்ளிவிட்டாள் என்று ஊரில் பேசுகிறார்கள், அதுவும் உன் காதுக்கு வந்திருக்கும். நான் தள்ளவில்லை. இந்த விரலால் தஸ்பீஹ் எண்ணுகிறவள் நான், அப்படிச் சொல்லத் துணிவேனா? ஆலிமாவிடம், ஆய்வகத்து அண்ணாச்சி பிறகு எழுதிக் கொடுத்த காகிதத்தைக் காட்டினேன். அவர்கள் வாசித்துவிட்டு, “பேர இஸ்மித்துன்னு போட்டுக்கிட்டு வேறொன்ன அடச்சி விக்கிறது வித்தவன் செஞ்ச மோசடி. மார்க்கம் உடம்பக் கெடுத்துக்கச் சொல்லல” என்றார்கள். எந்த மண்ணில் கடை போட்டாலும் கடைக்காரன் கடைக்காரன்தான். புனித ஊரில் வாங்கியது என்பதால் நாம் யாரும் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. வேறு ஊரில் வாங்கியிருந்தால் நீயே பார்த்திருப்பாய். உன் மேல் குற்றம் இல்லை. துஆ கேட்டு அழுத கண்ணோடு நீ வெளியே வந்து, உம்மாவுக்கும் மாமிக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் என்று நினைத்து வாங்கியிருப்பாய். அந்த நினைப்புக்கு அல்லாஹ் கூலி கொடுப்பான். குப்பிக்குள் இருப்பதற்கு நீ பொறுப்பு இல்லை. ஆனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு அது அந்த அலமாரியில் இருந்தால், அதற்கு நீ பொறுப்பு.

எனக்கு அலுத்துவிட்டது, மகனே. முழங்கால் வலியோடு அந்த முடுக்கில் நடக்கிறபோது கதவுக்குப் பின்னால் பேச்சு நிற்பதும், நான் கடந்ததும் தொடங்குவதும் கேட்கிறது. நியாயத்தை நிரூபிக்க எனக்கு இனி ஆசை இல்லை. அதனால் இப்படிச் செய். உன் மாமியிடம் நீயே பேசு. என் பெயரை எடுக்காதே. ஆய்வகம், டாக்டர், உம்மா, எதுவும் வேண்டாம். “நான் வாங்கினது மாமி, சாமான் சரியில்லன்னு இங்கன கேள்விப்பட்டேன், எனக்கு மனசு கேக்கல, எடுத்து வச்சிருங்க” என்று சொல். அவர்கள் என்னிடம் தோற்றதாக ஆகாது. மாப்பிள்ளை சொல்லுக்கு இறங்கினதாக இருக்கும். நான் வீணாகச் சண்டை போட்டவள் என்றே ஊர் பேசிக்கொள்ளட்டும். பிள்ளையின் கண் கறுப்பில்லாமல் தெரிந்தால் எனக்குப் போதும்.

குப்பியைக் குப்பையிலும் சாக்கடையிலும் போட வேண்டாம். மூடி இறுக்கி ஒரு பையில் கட்டி வைக்கச் சொல், வாப்பா போய் வாங்கி வந்து ஆய்வகத்து அண்ணாச்சியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பிறகு உன் மனைவியையும் பிள்ளையையும் தூத்துக்குடிக்கு அழைத்துப் போய் இரண்டு பேருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். அவளும் கண்ணுக்கு அதைத்தான் போடுகிறாள், பால் கொடுக்கிறவள். தடுப்பூசிக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளட்டும், உன் தங்கை கூடப் போவாள், நான் போகவில்லை. அவளுக்கு மை வேண்டுமென்றால் நான் சொன்ன அந்தப் பேனா வகையில் புதிது ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், கொடுத்தனுப்புகிறேன். நீ அங்கேயிருந்து எதுவும் வாங்கி அனுப்பாதே. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பின்பக்கத்தைப் படம் எடுத்து முதலில் எனக்கு அனுப்பு.

இந்தக் கடிதத்தில் யார் பெயரையும் எழுதாமல் விட்டிருக்கிறேன், கவனித்திருப்பாய். நம்மூரில் எத்தனையோ அலமாரிகளில் இதே மாதிரிக் குப்பி இருக்கிறது, எல்லாம் பிள்ளைகள் பாசத்தோடு வாங்கி வந்தவை. பெண்கள் மதரஸாவில் இதை வாசிக்கக் கொடுத்தால் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவும் என்று ஆலிமா கேட்கிறார்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஆள் தெரியும். அதனால் உன் மாமி வீட்டு விஷயம் முடிந்து, நீ சரி என்று சொல்லாமல் யார் கையிலும் கொடுக்க மாட்டேன். நீ வேண்டாம் என்றால் இது உனக்கும் எனக்கும் மட்டும்.

என்னோடு பேச மனமில்லையென்றால் பேச வேண்டாம், அதற்கு அவசரமில்லை. உன் மாமியோடு இன்றைக்கே பேசு. பேசிவிட்டேன் என்று ஒரு வரி மட்டும் எழுதிப் போடு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் உன் பதில் எனக்கு வேண்டும்.

உன் உம்மா